செனட்டர் பேசிய பதினொரு வரிகள்

பேச்சுத் தொழிலில் இரண்டு வகையினர் உண்டு. பேசுகிறவர்கள் ஒரு வகை. அவர்கள் பேசியதை அடுக்கி வைக்கிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு செனட்டரின் மொன்றியல் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். அவர் பேசியது கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில். நான் இருந்தது இங்கே, ஒரு தெப்பனர் கடைக்கு மேலேயுள்ள மூன்று அறைகளில். கீழே பாலும் சிகரெட்டும் லொத்தர் சீட்டும் விற்றார்கள். ஆகவே முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: அவர் அவையில் எழுந்து நின்று பேசியதை நான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. அவருக்கு நான் எழுதிக்கொடுத்த கதையும் எனக்கு நேராக வந்ததல்ல. அப்பா எனக்குச் சொன்னார். அப்பாவுக்கு அவர் வேலைக்குப் போகும் வான் வண்டியில் யாரோ சொன்னார்கள்.

குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் எடுத்து, ஓர் அலுவலகக் கதிரையில் உட்கார்ந்து, 'என்னை எப்போது வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்' என்று பயந்துகொண்டே முதல் ஆறு மாதங்களைக் கழித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது இவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியாது.

என்ன வேலை

முதல் வாரம் செனட்டர் என்னிடம் மூன்று வெற்றுக் கோப்புறைகளைத் தந்தார். தான் பதவியேற்ற நாளிலிருந்து அவையில் பேசியது, கேட்டது, குறுக்கிட்டது எல்லாவற்றையும் அதிகாரபூர்வப் பதிவிலிருந்து எடுத்து ஒழுங்குபடுத்தச் சொன்னார். நீண்ட உரைகள் இருந்தன. ஒரே வரிக் கேள்விகளும் இருந்தன. நல்லதாக எதையாவது சொன்னால் பிரெஞ்சுப் பதிப்பில் 'பிராவோ' என்றும் ஆங்கிலப் பதிப்பில் 'கேளுங்கள், கேளுங்கள்' என்றும் போட்டிருந்தார்கள். ஒரே கைதட்டல்தான், படிக்கும்போது இரண்டு வேறு சபைகள் போலிருந்தது.

அப்பா துறைமுகத்தில் ஒரு கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டினார். 'பிள்ளை பாராளுமன்றத்திலை வேலை செய்யிறாள்' என்று வானில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அதனால், அங்கே நான் உண்மையில் என்ன செய்கிறேன் என்று அவர் கேட்கும்வரை நானாகச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார். கோப்புறை, பதிவு, பிராவோ எல்லாவற்றையும் விளக்கினேன். சோற்றைப் பிசைந்தபடி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப, அவ கதைச்சு முடிச்சாப் பிறகு, அவ என்ன கதைச்சவ எண்டு பாக்கிறதுக்கு உனக்குச் சம்பளம்?"

குப்பை லாரி

தொலைபேசியில் தமிழ்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்ற செய்தி எப்படியோ ஆற்றுக்கு அப்பால் புறநகரான புரோசார்ட் வரை போய்விட்டது. அங்கே சென்னையிலிருந்து வந்து பல காலமாகக் குடியிருக்கும் ஓர் ஓய்வுபெற்ற பொறியியலாளர் கூப்பிட்டார். "ஏம்மா, செனட்டர்னா பெரிய பதவிதானே? எங்க தெருவுல குப்பை லாரி நிக்காமயே போகுது" என்றார். குப்பை நகரசபையின் பொறுப்பு, செனட்டர் சட்டமூலங்களைத்தான் ஆராய்வார் என்று பத்து நிமிடம் விளக்கினேன். பக்கத்து அறையில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த செனட்டர், வெளியே வந்து அவருடைய முகவரியை வாங்கி, தானே நகரசபையைக் கூப்பிட்டுப் பேசினார்.

அடுத்த வாரம் பொறியியலாளர் மறுபடி கூப்பிட்டார். செனட்டர்களை நியமிக்கிறார்கள், அவர்களுக்குத் தேர்தலே கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்: "லாரி வந்துடுச்சும்மா! அடுத்த எலெக்‌ஷன்ல எங்க வீட்டு நாலு ஓட்டும் அவங்களுக்குத்தான், சொல்லிடு."

வானில் வந்த கதை

அந்தக் குளிர்காலத்தில் செனட்டர், குடும்பத்தை அழைப்பதற்கான மனுக்கள் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடப்பதைப் பற்றிப் பேசத் தயாரானார். வரைவு முழுக்க எண்கள். "எண்களைக் கேட்டு அங்கே யாரும் தலை நிமிர்த்துவதில்லை. எனக்கு ஒரு மனிதர் வேண்டும். உனக்கு யாரையாவது தெரியுமா, நிரூபா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒன்றை யாராவது கேட்கமாட்டார்களா என்று ஆறு மாதமாகக் காத்திருந்த நான் உடனே தலையாட்டினேன்.

அந்த வாரம்தான் அப்பா வானில் கேட்டதைச் சொல்லியிருந்தார். நாங்கள் குடியிருந்த பியர்பொன்ட்ஸிலிருந்து கிழக்குக் கோடித் துறைமுகத்துக்கு ஐந்து பேர் ஒரே வானில் போவார்கள். நகரத்தைக் கடப்பதற்குள் ஊர்க்கதை எல்லாம் முடிந்துவிடும். அவர்களில் ஒருவர் தவராசா மாமா. வவுனியாவில் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். இங்கே அப்பாவின் கிடங்கில் பெட்டி இறக்கினார். எங்கள் தெருவிலேயே ஒரு நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தார். மனைவியும் மகளும் இன்னும் ஊரில். "தவராசா ஏழு வருசமா மனுசி பிள்ளைக்காகப் பாத்துக்கொண்டிருக்கிறான்" என்று அப்பா சொன்னார்.

நான்கு வீடு தள்ளிப் போய் அவரிடமே கேட்டிருக்கலாம். வயதில் பெரிய ஓர் ஆணிடம் அவருடைய மனைவியைப் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்காமலே எழுதினேன்: வவுனியாவில் தபால் அதிபராக இருந்த ஒருவர் இன்று மொன்றியல் துறைமுகத்தில் பெட்டி இறக்குகிறார், மனைவியையும் மகளையும் அழைக்க அவர் போட்ட மனு ஏழு ஆண்டுகளாகக் கிடப்பில் இருக்கிறது. "சரிபார்த்தாயா?" என்று செனட்டர் கேட்டார். நான் சரிபார்த்தது வவுனியாவின் எழுத்துகளை மட்டும்தான். ஆனாலும் "ஆம்" என்றேன். அவர் அந்தப் பந்தியை வாய்விட்டு ஒரு தடவை படித்துவிட்டுச் சொன்னார்: "மற்றப் பன்னிரண்டு பக்கமும் இந்த ஒரு பந்திக்காகத்தான்."

பிராவோ

புதன்கிழமை பேசினார். பேசி முடித்த சில மணி நேரத்தில் அதன் தட்டச்சுப் பிரதி எங்களுக்கு வரும். முன்பு நீலத் தாளில் வந்ததாம்; அதனால் மின்னஞ்சலில் வரும்போதும் அதற்குப் பெயர் 'புளூஸ்'. விடுபட்ட சொல், பிழையாக எழுதிய பெயர் போன்றவற்றைத் திருத்தி அனுப்பலாம். சொன்னதை மாற்றக் கூடாது. அதுதான் விதி. ஐந்து தடவை படித்தேன். ஒரே ஒரு பிரெஞ்சு எழுத்துக்கு மேலே போடும் குறி விடுபட்டிருந்தது. அதை மட்டும் திருத்தினேன். என் பந்திக்குக் கீழே தனி வரியில் 'பிராவோ' என்று இருந்தது. அந்த வரியை எத்தனை தடவை பார்த்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இறுதிப் பதிவு வந்ததும் அந்தப் பக்கத்தை அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெள்ளிக்கிழமை விடிய வானுக்குக் கொண்டுபோனார். சமையலறைச் சாளரத்தால் பார்த்தேன். வானின் கதவு திறந்ததும், ஏறுவதற்கு முன்பே உறையைத் தூக்கிப் பிடித்துச் சொன்னார்: "இஞ்சை பாருங்கோ. பேர் போடேல்லைத்தான், ஆனா எழுதினது என்ரை பிள்ளை!"

போஸ்ட் மாஸ்டர் வந்தார்

சனிக்கிழமை காலை தவராசா மாமா வந்தார். கையில் அந்த பிளாஸ்டிக் உறை. பனிச் சப்பாத்தைக் கழற்றி நேராக வைத்தார், ஆனால் உள்ளே வந்து உட்காரவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றார்.

"இதிலை பேர் இல்லைத்தானே, மாமா" என்றேன். என் முதல் வார்த்தையே சமாளிப்பாக வந்தது.

"பேர் இல்லை. மொன்றியல் துறைமுகத்திலை எத்தனை போஸ்ட் மாஸ்டர் பெட்டி இறக்கிறான், பிள்ளை?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமா குரலை உயர்த்தவில்லை. "ஏழு எண்டது நான் வாசலாலை இறங்கின நாளிலை இருந்து. அதிலை மூண்டு வருசம் என்ரை அகதிக் கேஸ் முடியவே போட்டுது. மனுசி பிள்ளைக்கு ஃபைல் போட்டு நாலு. ஃபைலிலை நாலு எண்டு கிடக்கு, பாராளுமன்றத்திலை ஏழு எண்டு கிடக்கு. முகாமிலை ஒன்பது நாள் நிண்டன் எண்டு ஒரு பேப்பரிலையும், பதினொரு நாள் எண்டு இன்னொரு பேப்பரிலையும் இருந்ததுக்கு, விசாரணையிலை என்னை மூண்டு தரம் திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள். நாளைக்கு ஒருத்தன் இதையும் எடுத்து வைச்சுக் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

எங்கள் வீடுகளில் காத்திருப்பை எப்போதும் பிரிந்த நாளிலிருந்துதான் எண்ணுவோம். விமான நிலையம், பஸ் நிலையம், வீட்டு வாசல் - கடைசியாக முகம் பார்த்த இடம் எதுவோ அதிலிருந்து. மனு போட்ட திகதியை வீட்டில் யாரும் சொல்வதில்லை. அது எனக்கும் தெரியும். நானும் அப்படி எண்ணி வளர்ந்தவள்தான். தெரிந்திருந்தும் அந்த 'ஏழு' என்ற எண்ணைத் தூக்கி அரசாங்கத்தின் கணக்கில் வைத்துவிட்டேன். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் உறையைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "நான் இருபது வருசம் திகதி முத்திரை குத்தின ஆள், பிள்ளை. திகதி பிழைச்சால், பிறகு கடிதத்துக்குள்ளை என்ன எழுதியிருந்தாலும் ஒருத்தரும் நம்பாயினம்."

படிவம்

பதிவைப் பிறகு புத்தகமாகக் கட்டுவார்கள். அதற்கு முன் அச்சுப் பிழை இருந்தால் அறிவிக்க ஒரு பக்கப் படிவம் உண்டு. திங்கட்கிழமை செனட்டர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் அதை நிரப்பினேன். இருப்பது: ஏழு. இருக்க வேண்டியது: நான்கு. காரணம்: தட்டச்சுப் பிழை. ஒரே சொல். யாருக்கும் நட்டமில்லை, தவராசா மாமாவுக்கு நிம்மதி, எனக்கு வேலை மிஞ்சும். இப்படிப்பட்ட ஒரு படிவத்தின் முன் உட்கார்ந்த யாருக்கும் அந்த நிமிடத்தின் தர்க்கம் எவ்வளவு அழகாக இருக்கும் என்று தெரியும்.

ஜிசேல் கோப்பியோடு வந்தார். எங்கள் அலுவலகத்தின் செயலாளர். வயது அறுபதைத் தொட்டவர். அந்தக் காலத்தில் நீதிமன்றத்தில் சாட்சியங்களைத் தட்டச்சு செய்தவர். என் தோளுக்கு மேலால் படிவத்தைப் படித்தார். "ஒலிப்பதிவில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். ஏழு என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. கோப்பியை என் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்படியானால் அந்தத் தட்டச்சுக்காரி என்ன பிழை விட்டாள்?"

மூன்று ஒப்புதல்கள்

செனட்டர் மேலங்கியைக் கழற்றுவதற்குள் சொல்லத் தொடங்கினேன். முதலில், ஏழு என்பது பிழை என்று சொன்னேன். பிறகு, சரிபார்த்ததாகச் சொன்னது பொய் என்று சொன்னேன். பிறகு, அந்த மனிதரிடம் நான் கேட்கவே இல்லை என்று சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் இடையில் 'போதும்' என்று நிறுத்திவிடுவார் என எதிர்பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை. முடிவில், அந்தக் கிடங்கில் மதிய இடைவேளை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். என் மேசையைக் காலி செய்யும்படி சொல்வதற்கு முன் ஏன் இதைக் கேட்கிறார் என்று புரியவில்லை.

மதியம் அப்பாவின் கைத்தொலைபேசிக்கு எடுத்து, தவராசா மாமாவிடம் கொடுக்கச் சொன்னோம். செனட்டர் பிரெஞ்சில் பேசினார். நான் தமிழில் சொன்னேன். செனட்டர் கதைக்கிறா என்று தெரிந்ததும் மாமா சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து நின்றுவிட்டார் என்று அப்பா பிறகு சொன்னார். செனட்டர் மன்னிப்புக் கேட்டார். "நாளை அவையில் எழுந்து திருத்த நினைக்கிறேன். இந்த முறை உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்" என்றார். மாமா ஏழுக்கும் நாலுக்கும் உள்ள கணக்கை அவருக்கும் சொன்னார். வாசலால் இறங்கின நாள் என்ற இடத்தில் செனட்டர் என்னை மறித்து, அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

யாரும் அடையாளம் காணாதபடி போஸ்ட் மாஸ்டர் என்பதை இந்த முறை விட்டுவிடலாமா என்று நானாகவே கேட்டேன். மறுமுனையில் போர்க்லிஃப்ட் சத்தத்துக்கு மேலால் மாமா சொன்னார்: "அதை ஏன் எடுக்கிறது? அது உண்மைதானே. எண்ணை மாத்தச் சொல்லும், போஸ்ட் மாஸ்டர் கிடக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை

அவையில் நடப்பதைத் தொலைபேசி வழியாகக் கேட்கும் வசதி எங்கள் அலுவலகத்தில் இருந்தது. ஜிசேல் ஒலிபெருக்கியைப் போட்டார். இருவரும் உட்காரவில்லை, ஏன் நின்றோம் என்று தெரியாது. தும்மல், கதிரை இழுபடும் சத்தம், யாரோ ஒரு மீன்பிடித் துறையைப் பற்றி நீளமாகச் சொல்லி முடித்தது. பிறகு செனட்டரின் குரல்.

"கடந்த வாரம் இந்த அவையில், முன்னாள் தபால் அதிபர் ஒருவரின் மனு ஏழு ஆண்டுகளாகக் கிடப்பில் இருக்கிறது என்றேன். அது சரியல்ல. மனு போட்டு நான்கு ஆண்டுகள். மனைவியையும் மகளையும் அவர் பார்த்து ஏழு ஆண்டுகள். குடிவரவுத் திணைக்களம் கோப்பில் முத்திரை விழுந்த நாளிலிருந்து எண்ணுகிறது. அவர் தன் வீட்டு வாசலை விட்டு இறங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார். இரண்டு கணக்கும் சரி. நான் ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்துப் பேசினேன். அந்த மனிதர் யாரிடமும் ஒரு திகதியையும் பிழையாகச் சொல்லவில்லை. தவறு என்னுடையது."

அவ்வளவுதான். நான் எழுதிக் கொடுத்த பந்தி வந்தபோது இருந்ததைவிட எனக்கு இப்போதுதான் மார்பு நிமிர்ந்தது. இத்தனைக்கும் இதில் நான் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. பிறகு அவையில் எங்கிருந்தோ ஒரே ஒரு குரல், மெதுவாக, 'பிராவோ' என்றது. அன்று வந்த புளூஸில் அது இல்லை. விடுபட்ட சொல் என்று எழுதி அனுப்பலாமா என்று கேட்டேன். ஜிசேல் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நீ கேட்டாய், நானும் கேட்டேன். விடு."

திகதி பார்த்தது

என்னை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் அதன்பிறகு எந்த வரைவைக் கொடுத்தாலும் செனட்டர், 'சரிபார்த்தாயா' என்பதற்குப் பதிலாக, 'யாரிடம் கேட்டாய்' என்றார். அப்பாவின் பிளாஸ்டிக் உறையில் முதல் தாளுக்கு முன்னால் திருத்தம் அச்சான இரண்டாவது தாள் ஏறியது. 'பிழையை எழும்பி நிண்டு சொன்ன ஆள் என்ரை பிள்ளையின்ரை பொஸ்' என்று வானில் சொன்னாராம். பிழை யாருடையது என்பதை அவர் சொல்லவில்லை.

கோடை தொடங்கும்போது தவராசா மாமாவின் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். செனட்டர் எழும்பிக் கதைத்தபடியால்தான் விசா வந்தது என்று வான் முழுக்க முடிவெடுத்துவிட்டது. மாமா எங்களையும் வானில் வருகிறவர்களையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். ஏழு வயதில் விட்டுவந்த மகள், பதினான்கு வயதில், அந்த நிலக்கீழ் அறையின் படியில் இருந்துகொண்டு தகப்பனை ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். மாமா பெருமையாக விசாக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். பழக்கதோஷத்தில் நான் முதலில் திகதியைப் பார்த்தேன். அந்த முடிவு, செனட்டர் முதல் தடவை பேசுவதற்கு ஒன்பது நாள் முன்னதாகவே எடுக்கப்பட்டிருந்தது. ஏழு என்ற பேச்சு அதைக் கெடுக்கவும் இல்லை. நான்கு என்ற பேச்சு அதைக் கொண்டுவரவும் இல்லை.

மெதுவாக மாமாவுக்கு அந்தத் திகதியைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரித்தார். இருபது வருசம் முத்திரை குத்தியவர், எனக்கு முன்பே பார்த்திருந்தார். வானில் வருகிறவர்கள் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவையள் சந்தோஷமா இருக்கினம், பிள்ளை. இதையும் எழும்பி நிண்டு திருத்தச் சொல்லி அந்த மனிசிக்குச் சொல்லிப்போடாதேயும்."

அந்த வேலையை விட்டுச் சில ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழக நூலகத்தில் கட்டிய புத்தகத்தை எடுத்துச் சரிபார்த்தேன்: செனட்டரின் பெயருக்குக் கீழே நான் அடுக்கியவற்றில் அந்தத் திருத்தம் வெறும் பதினொரு வரி, பத்து வரி முழு உண்மை, 'தவறு என்னுடையது' என்ற கடைசி வரியைத் திருத்தத்தான் இன்றுவரை எனக்கு ஒரு படிவம் கிடைக்கவில்லை.